ஒரு கல் குறைகிறது

எங்கள் நகர்மன்றத்தில் எது வந்தாலும் ஒன்பதாகப் பிரித்துவிடுவார்கள். வார்டு ஒன்பது, உறுப்பினர் ஒன்பது பேர், ஆகவே பங்கும் ஒன்பது. இது எழுதிவைத்த சட்டம் இல்லை. எழுதிவைத்த சட்டங்களையெல்லாம் காற்றில் பறக்கவிட்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். தலைவருக்கு ஊரில் சமபங்கு என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அவர் கையெழுத்துப் போடும்போது மட்டும் எட்டிப் பார்க்கும்.

நான் அந்த நகர்மன்றத்து ஜீப் டிரைவர். ஜீப்பையும் பங்கு போட்டிருப்பார்கள், ஸ்டீயரிங் யாருக்கு என்று முடிவாகாததால் அது பிழைத்தது. நான் கதை விடுகிறேன் என்று நினைத்தால் எங்கள் விளக்குக் கம்பத்தை வந்து பாருங்கள். ஒரு வருடம் மேலிடத்திலிருந்து சூரிய ஒளியில் எரிகிற பெரிய விளக்கு ஒன்றே ஒன்று வந்தது. யார் வார்டில் நடுவது என்று அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அதை ஒரு நாலு சக்கர வண்டியின்மேல் நிற்கவைத்து, வாரம் ஒரு வார்டு என்று முடிவு செய்தார்கள். இன்றைக்கும் திங்கட்கிழமை காலையில் நாலு பேர் விளக்குக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு போவார்கள். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது.

விளக்கைத் தள்ளிக்கொண்டு போகலாம். ரோட்டை என்ன செய்வது?

பேருந்து நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை ஒரு நேர் ரோடு உண்டு. உண்டு என்று சொல்வது வாய்தான். எந்தக் காலத்திலோ தோண்டிப் போட்டது, அப்படியே கிடந்தது. அங்கங்கே ஜல்லிக் குவியல், அவற்றின்மேல் செடி முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அந்த ரோட்டின் நடுவில்தான் என் வீடு. நானும் ஓட்டுநர்தானே, கண்ணை மூடிக்கொண்டு பள்ளங்களுக்கு நடுவே ஸ்கூட்டரை வளைத்து வளைத்துப் போய்விடுவேன். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

பின்னால் உட்கார்ந்திருப்பது என் மனைவி. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள செருப்புக்கடையில் அவளுக்கு வேலை. தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். வழியெல்லாம் நகர்மன்றத்துக் கூத்தைச் சொல்லிக்கொண்டே போவேன். அவள் சிரிப்பாள், அல்லது சும்மா வருவாள். அன்றைக்கும் அப்படித்தான், சமபங்கு யாருடன் சண்டை போட்டார், யார் நாற்காலியை யார் எடுத்தார் என்று சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டே போய்க் கடை வாசலில் நிறுத்தி, "சரி, சாயங்காலம் வரேன்" என்று திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் ஆள் இல்லை.

வீட்டைத் தாண்டிய முதல் பள்ளத்திலேயே விழுந்துவிட்டிருக்கிறாள். நான் காற்றுக்குக் கதை சொல்லிக்கொண்டு பாதி ஊரைத் தாண்டி வந்திருக்கிறேன். பதறியடித்துத் திரும்பிப் போனால் அவள் வீட்டுக்குள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் வலி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பக்கத்து ஊரிலுள்ள அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். நான் ஆயிரம் சமாதானம் சொன்னேன். எதுவும் காதில் ஏறவில்லை.

"விழுந்ததுக்குக் கோபம் இல்லைங்க" என்றாள். "அவ்வளவு தூரம் நான் இல்லாம போயிருக்கீங்க, உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல பாருங்க. ரோடு போட்டதும் சொல்லி அனுப்புங்க, அப்பப் பாக்கலாம்."

எங்கள் ஊரில் ரோடு போட்டதும் வருகிறேன் என்று சொன்னால் வரவே மாட்டேன் என்று அர்த்தம். நகர்மன்ற டிரைவர் பெண்டாட்டிக்கு அது தெரியாதா?

அவள் போனபிறகு வீடு வீடாக இல்லை. நான் சொல்கிற கதைகளுக்கு ஆள் இல்லை. சுவரிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். சுவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை, அவள் சிரித்திருப்பாள். என் மாமியார் போனை எடுத்தால், "ரோடு ஆச்சா மாப்பிள்ளை?" என்று கேட்பார். இல்லை என்றால் வைத்துவிடுவார். நல்ல மனுஷி, ஆனால் பேச்சில் சிக்கனம்.

இந்த நேரத்தில்தான் அந்த ரோட்டுக்கு நிதி வந்தது. சிமென்ட்டில் அச்சு வார்த்த பேவர் கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் பதிக்கிற ரோடு. பேருந்து நிலையம் முதல் ஆஸ்பத்திரிவரை முழு நீளத்துக்கும் போதுமான கல். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜீப்பைக் கழுவித் துடைத்து ஹாரன்கூட அடித்துப் பார்த்தேன். கூட்டம் நடந்த அறையின் பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த ரோடு நாலு வார்டுகளில்தான் போகிறது, மற்ற ஐந்து வார்டுகள் என்ன பாவம் செய்தன என்று இரும்புக்கடைக்காரர் கேட்டார். அவர் எட்டாம் வார்டு உறுப்பினர், குரலும் இரும்புதான். தையல்கடை அக்கா ஐந்தாம் வார்டு, துணி வெட்டுகிற மாதிரி கையைக் காட்டி, ஒன்பது துண்டாக வெட்டினால் போச்சு என்றார். சமபங்கு கண்கலங்கிப் போனார். இப்படி ஒரு நீதியைத்தான் நான் இத்தனை நாளாகத் தேடினேன் என்றார்.

ஆக, ஊரில் ஒன்பது ரோடு வந்தது. ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. எதுவும் எங்கேயும் போகவில்லை. சேற்றில் தொடங்கிச் சேற்றிலேயே முடிந்தது. ஒன்றில் துணி காயப்போட்டார்கள், ஒன்றில் பிள்ளைகள் பந்து அடித்தார்கள். எட்டாம் வார்டுத் துண்டு இரும்புக்கடைக்காரர் வீட்டு வாசலில் தொடங்கி அவர் கடை வாசலில் முடிந்தது. அது மட்டும் ஓரளவுக்கு ஓரிடத்துக்குப் போனது என்று சொல்லலாம். என் வார்டுத் துண்டு எங்கோ ஒரு சந்துக்குள் போய்ச் சேர்ந்தது. என் வாசலில் பழைய ஜல்லிக் குவியலே இருந்தது.

அடுத்த நிதி கொடுப்பதற்குமுன் பழைய வேலையைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வருகிறார் என்று கடிதம் வந்தது. பேருந்து நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை வண்டியில் போய்ப் பார்ப்பாராம். ரோடு இல்லை என்றால் இனி ஒரு காசு வராது. சமபங்கு அவசரக் கூட்டம் போட்டார். ஒன்பது பேரும் கூடி உட்கார்ந்தார்கள். கடைசியில் தையல்கடை அக்காதான் மறுபடி வழி சொன்னார். வெட்டியதைத் தைத்துவிடலாம், அந்த அம்மா போனதும் தையலைப் பிரித்துவிடலாம்.

பேவர் கல்லில் அது ஒரு வசதி, பதித்ததைப் பெயர்க்கலாம். ஒன்பது வார்டுக் கல்லையும் கடன் வாங்கி உண்மையான ரோட்டில் பதிப்பது, பார்வை முடிந்த அன்று சாயங்காலமே அவரவர் கல்லை அவரவர் எண்ணி எடுத்துக்கொண்டு போவது என்று பேச்சு. கல்லெல்லாம் ஒரே அச்சு, எது யாருடையது என்று அடையாளம் கிடையாது. எண்ணிக்கைதான் கணக்கு. ஒன்பது பேரும் ஆளுக்கொரு ஆளை வைத்து எண்ணி, அவர்கள் எண்ணியதைத் தாங்களும் எண்ணி, ஒரு கல் கூடக் குறையக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

ஜல்லிக் குவியல் போனது, செடி போனது, மண் கொட்டி மட்டம் செய்தார்கள். ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது என் வாசலில் ரோடு கிடந்தது. கொஞ்ச நேரம் அதன்மேல் சும்மா நின்றேன். பிறகு மாமியாருக்குப் போன் போட்டேன்.

"ரோடு ஆச்சா மாப்பிள்ளை?"

"ஆச்சுங்க."

போன் கை மாறியது. பிறகு என் மனைவியின் குரல் கேட்டது. நாளை மறுநாள் முதல் பேருந்தில் வருவதாகச் சொன்னாள், தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பெட்டியைப் பிரிப்பேன் என்றாள். சரி என்றேன். அந்த நாள்தான் அந்த அதிகாரி வருகிற நாள், அன்றைக்குச் சாயங்காலமே ரோடு போய்விடும் என்பது வாய்வரை வந்தது, மென்று முழுங்கிவிட்டேன். முதலில் அவள் வீட்டுக்குள் வரட்டும். வந்த பிறகு காலில் விழுந்தாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த அம்மா தாமதமாக வந்தார். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு, பார்வை மட்டும் ஊசி மாதிரி. ஜீப்பில் பின்னால் அவர், முன்னால் என் பக்கத்தில் சமபங்கு. பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி ரோட்டில் ஏறப் போகிறேன், கையில் பெட்டியுடன் என் மனைவி குறுக்கே நின்று கை காட்டுகிறாள். முதல் பேருந்தில் வந்தவள், நான் வந்து கூட்டிப்போவேன் என்று அங்கேயே காத்திருந்திருக்கிறாள். சமபங்கு என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன். யார் அது என்று அந்த அம்மா கேட்டார். என் வீட்டுக்காரம்மா, இதே ரோட்டில்தான் வீடு என்றேன். அப்படியானால் ஏறச் சொல்லுங்கள், இந்த ரோட்டில் நடக்கிறவர் சொன்னால் நமக்கும் தெரியுமே என்றார்.

ஏறி உட்கார்ந்தாள். ஜீப் நகர்ந்தது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை, தண்ணீரில் போகிற மாதிரி போனது. ஆனால் எனக்கு வேர்த்தது. ஏனென்றால் ஒவ்வொரு சந்து முனையிலும் கடப்பாறையும் தள்ளுவண்டியுமாக ஆட்கள் குந்தியிருந்தார்கள். ஒளிந்திருக்கச் சொல்லித்தான் ஏற்பாடு. பங்கு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக்கடைக்காரர் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றார். அவர் அகலத்துக்கு அந்த மரம் போதவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். என் மனைவி இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். பிறகு என் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரோடு எப்படி இருக்கிறது என்று அந்த அம்மா அவளைக் கேட்டார். சமபங்கு கண்ணை மூடிக்கொண்டார். நான் மூட முடியாது, ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் வண்டியிலிருந்து விழுந்த இடம் எதுன்னே இப்பத் தெரியலைங்க மேடம்" என்றாள்.

அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். திருப்தி என்று குறித்துக்கொண்டார். சமபங்கு விட்ட பெருமூச்சில் முன்கண்ணாடியில் ஆவி படிந்தது. வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டேன். பெட்டியோடு இறங்கினாள், நன்றி மேடம் என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிவரை போய், திரும்பி, நகர்மன்றத்தில் டீயும் பன்னும் கொடுத்து, அந்த அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது.

என் வாசலில் ஊரே கூடியிருந்தது. ஒன்பது உறுப்பினர்களும், அவர்களுடைய கடப்பாறைகளும், தள்ளுவண்டிகளும். நடுவில் தரையைச் சுட்டிக்காட்டியபடி சமபங்கு. நான் நினைத்தேன், முடிந்தது, அவள் மறுபடி பெட்டியை எடுத்திருப்பாள் என்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், ரோடு அப்படியே இருந்தது. ஒரு கல் மட்டும் இல்லை. சரியாக என் வாசலுக்கு எதிரே ஒரு கல் அளவுக்குக் குழி.

ஒரு கல் குறைந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் எங்கள் ஊர் இல்லை. ஒரு கல் குறைந்தால் ஒன்பது பங்கில் ஒன்று சிறுத்துவிடும். யாருடைய பங்கு? கடைசியாக எண்ணுகிறவருடைய பங்கு. அதனால் கடைசியாக எண்ண யாருமே தயாரில்லை. எல்லாரும் முதலில் எண்ணுவேன் என்றார்கள். முதலில் ஒருவர் கடப்பாறையை ஓங்கினால் மற்ற எட்டுப் பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் விளக்கு ஆறாம் வார்டில் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து குழிக்குமேல் நிறுத்தி, ஒன்பது பேரும் குனிந்து பார்த்தார்கள். குழிக்குள் மண் இருந்தது.

இரும்புக்கடைக்காரர் பெரிய மனது பண்ணி, என் கடையில் இதே அச்சில் கல் இருக்கிறது, ஒன்றைத் தருகிறேன் என்றார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்தவருக்குத்தானே கொடுக்கத் தோன்றும் என்றார் தையல்கடை அக்கா. அவ்வளவுதான், இரும்புக்கடைக்காரர் தன் கடையில் கல்லே கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். வேறு யாரும் கல் தர வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திருட்டுப் பட்டம்.

என் மனைவி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்க்கப் பாவம் என்று எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சமபங்கு குடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம், அதுவரை ஒருவரும் ஒரு கல்லையும் தொடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் பேசினார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் பேசினார்கள். இப்போதும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் விஷயம் அதுதான், காணாமல் போன கல். அது முடியாமல் அடுத்த பங்குக்குப் போகக் கூடாது என்று அவர்களே போட்ட கட்டுப்பாடு. புது நிதி வந்து கிடக்கிறது, பங்கு போட வழியில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மேலிடத்து அம்மா, நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களையே அனுப்பி மார்க்கெட் ரோட்டை முழுசாகப் போட்டுவிட்டார். ஊரில் முதன்முறையாக ஒரு ரோடு வெட்டுப்படாமல் ஒரே துண்டாகப் பிறந்தது.

இதெல்லாம் நல்லதுதான். எனக்கு அந்தக் குழிதான் கண்ணை உறுத்தியது. தினமும் காலையில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்ததுமே அந்தக் குழியில் இறங்கி ஏறும். ஒதுங்கிப் போகலாம் என்றால் ஒரு பக்கம் எங்கள் வேலி, இன்னொரு பக்கம் நகர்மன்றம் காவலுக்குப் போட்ட கயிறு. வண்டி தூக்கிப்போட்டதும் எனக்குப் பழைய பயம் வந்துவிடும், திரும்பிப் பார்க்காமலே, "இருக்கியா?" என்பேன். "இருக்கேன்" என்பாள். பிறகுதான் கதையை ஆரம்பிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழியை மண் போட்டாவது மூடிவிடுவோம் என்று மண்வெட்டியைத் தேடினேன். அது கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும். தொட்டியின் பின்கால் ஒன்று முன்பெல்லாம் ஆடும், நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லி விட்டுவிட்டேன். குனிந்து பார்த்தால் கால் ஆடவில்லை. அதற்கு அடியில் ஒரு பேவர் கல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஊரே தேடுகிற கல். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"சந்துக்குச் சந்து கடப்பாறையோட ஆளை உக்கார வச்சுட்டு, ரோடு ஆச்சுன்னு எங்கம்மாகிட்டச் சொன்னீங்களே" என்றாள். "என்னை இறக்கிவிட்டுட்டுப் போனீங்கல்ல, எல்லாரும் ஜீப்பையே பாத்துட்டு இருந்தாங்க, அப்பவே மண்வெட்டியால பெயர்த்துட்டேன். இத்தனை வருஷமா தினமும் அந்த ஒன்பது பேர் கதையத்தானே சொல்லிட்டு வந்தீங்க. ஒண்ணு குறைஞ்சா அவங்க மிச்சத்தைத் தொட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நான் சொன்ன கதையை அவள் இவ்வளவு கேட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கல்லை எப்படியாவது யாருக்கும் தெரியாமல் குழியிலேயே போட்டுவிடலாம், மாட்டிக்கொண்டால் என் வேலை போகும் என்றேன். போட்டால் ரோடு போகும் என்றாள். அப்படியானால் குழியையாவது மண்ணைப் போட்டு மூடுகிறேன், உனக்குத்தான் இடுப்பு வலி, தினமும் அதில் எதற்கு இறங்கி ஏற வேண்டும் என்றேன்.

துவைத்த சட்டையை உதறினாள். என் சட்டைதான்.

"அதை மூட வேணாம்" என்றாள். "அந்தக் குழி வந்ததுக்கு அப்புறம்தான் நான் இருக்கேனான்னு கேக்கறீங்க."

மண்வெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் காலை அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி குழியில் இறங்கி ஏறியது. அவள் கை என் தோளைப் பிடித்தது.

"இருக்கியா?"

"இருக்கேன், போங்க" என்றாள்.